மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள நிபோங் திபாலில் ஒரு நாள் தங்கினால் என்ன பார்க்கலாம்?

தங்குவதானால் இரவும் தங்குங்கள், இந்த ஊரின் அழகே இருட்டில்தான். கிரியான் ஆற்றில் படகு ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் எஞ்சினை அணைத்துவிடுவார்கள். கரையோர பெரெம்பாங் எனும் அலையாத்தி மரங்களில் மின்மினிகள் கூட்டமாக மினுங்கும், கிளைக்குக் கிளை தீபாவளி விளக்கு கட்டியதுபோல. நிலா இல்லாத நாளாகப் பாருங்கள், மழை பெய்தால் போகாதீர்கள். கைப்பேசி வெளிச்சம் அடிக்கவே கூடாது, பூச்சிகள் அடங்கிவிடும்.

பகலில் புக்கிட் பஞ்சோர் காடு. பலகைப் பாதை, வௌவால் குகை எல்லாம் உண்டு. காலையிலேயே போய்விடுங்கள், அப்புறம் வெக்கை தாங்காது.

கலிடோனியா தோட்டத்தில் பாழடைந்த '99 கதவு மாளிகை' இருக்கிறது. தோட்ட முதலாளி ராம்ஸ்டென் 1948-இல் சுட்டுக் கொல்லப்பட்டபின் அது பேய் பங்களா என்று பெயரெடுத்துவிட்டது. பேயைவிட இடிந்த தளத்துக்குத்தான் நான் பயப்படுவேன். அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள்.

நிபோங் திபால் பினாங்கின் தென்கோடி. பக்கத்தில் பேராவின் பாரிட் புந்தார், கெடாவின் பண்டார் பாரு. காலையில் இங்கே தோசை, மதியம் அங்கே சோறு என்று மூன்று மாநிலத்தையும் ஒரே நாளில் மிதித்துவிடலாம். சாயங்காலம் கடல் உணவுக்கு புக்கிட் தம்புன். பட்டர்வொர்த்திலிருந்து கொமுட்டர் ரயிலும் வருகிறது.