நூலகர் பதில்கள்: சித்திரக்கதை வாங்குமுன் யாரைக் கேட்பது?

கேள்வி: எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் நூல்வள மையத்துக்கு நான் பொறுப்பாசிரியை. மாணவர்கள் சித்திரக்கதை கேட்கிறார்கள். எனக்கோ அவை பழக்கமில்லை. எதை வாங்கலாம் என்பதை நூலகர்கள் எப்படி அறிந்துகொள்கிறார்கள்?
– ஆசிரியை, சுங்கை சிப்புட், பேராக்

பதில்: பொதுவாக நூலகர்கள் முதலில் பார்ப்பது விருதுகளையும் பரிந்துரைப் பட்டியல்களையும்தான். சித்திரக்கதைகளுக்கான அமெரிக்காவின் ஐஸ்னர் விருதுகள் 1988 முதல் வழங்கப்படுகின்றன. அந்நாட்டு நூலகச் சங்கத்தின் இளையோர் பிரிவு, பதின்ம வயதினருக்கேற்ற சித்திரக்கதைகளை 2007 முதல் பட்டியலிட்டு வருகிறது. ஆனால் அவற்றில் தமிழைத் தேடிப் பயனில்லை. சிவகாசியில் 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984இல் வந்த லயன் காமிக்ஸ் ஆகியவற்றைச் சிறுவயது முதல் படித்துச் சேர்த்து வைத்திருப்பவர் எவரேனும் உங்கள் வட்டாரத்தில் இருந்தால் அவரிடம் போய்க் கேளுங்கள். எந்தக் கதை எந்த வயதுக்கு ஏற்றது என்பதை விலைப்பட்டியலைவிட அவர் தெளிவாகச் சொல்வார். மலாய்ச் சூழலுக்கு, மலேசியக் கேலிச்சித்திரக்காரர் லாட் வரைந்த 'கம்போங் பாய்' (1979) நல்ல தொடக்கம். அது பேராக் மண்ணின் கதையும்கூட.

அட்டையை மட்டும் நம்பி வாங்காதீர்கள். எலிகளும் பூனைகளுமாக வரையப்பட்ட 'மவுஸ்', யூத இனப்படுகொலையைச் சொல்லும் நூல். 1992இல் புலிட்சர் சிறப்பு விருது பெற்றது. படத்தைப் பார்த்துத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் அலமாரியில் தவறுதலாக வைத்துவிடக்கூடிய நூல் அது. மங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதைகளை ஆங்கிலத்தில் வெளியிடும் விஸ் போன்ற பதிப்பகங்கள் வயதுக் குறியீடு இடுகின்றன: 'டி' என்றால் பதின்ம வயதினர், 'டி பிளஸ்' என்றால் அவர்களிலும் மூத்தவர்கள், 'எம்' என்றால் பெரியவர்கள். உங்கள் பள்ளிக்கு இம்மூன்றுமே வேண்டாம். எல்லா வயதினருக்கும் உரிய நூலையும் முதல் பாகம் மட்டும் வாங்கி, முழுவதும் படித்துவிட்டுத் தொடருங்கள். பெரும்பாலான மங்காவை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். தெரியாவிட்டால் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையைக் கேளுங்கள், வகுப்பே எடுத்துவிடும்!

நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூவி பகுப்பில் சித்திரக்கதைகளின் எண் 741.5. அந்த எண்ணோடு நிறுத்திக்கொள்ளாமல், தொடரின் பெயர், பாக எண், எழுதியவர், வரைந்தவர் ஆகியவற்றைப் பதிவேட்டில் தனித்தனியே குறித்து, பாக எண்ணை நூலின் முதுகிலும் ஒட்டுங்கள். நடுவில் ஒரு பாகம் தொலைந்தால் அதற்குப் பிந்தியவற்றை எவரும் தொடமாட்டார்கள் என்பதால், புதிய தொடர் வாங்கும் பணத்தில் முதலில் அந்தப் பாகத்தை வாங்கி வையுங்கள்.