எம்பி 400 கேள்வி கேட்டாரா, வாயே திறக்கலயா? நீங்களே பாத்துக்கலாம்

வாசகர் கேள்வி: எங்க எம்பி 400 கேள்வி கேட்டிருக்கார்னு கட்சிக்காரங்க போஸ்டர் ஒட்டியிருக்காங்க. எதிர் குரூப்ல அவர் ஒரு தடவைகூட வாயே திறக்கலன்னு சுத்த விடுறாங்க. எதை நம்புறது? இன்னொண்ணு, எங்க ஊர் ரயில்வே சுரங்கப்பாதைல மழை பெஞ்சா இடுப்பளவு தண்ணி நிக்குது, அதை பார்லிமெண்ட்ல கேக்க வைக்கிறேன்னு ஒருத்தர் 25 ஆயிரம் கேக்குறார். குடுக்கலாமா?

ரெண்டாவதுக்கு முதல்ல சொல்லிடுறேன், குடுக்காதீங்க. விவரம் கீழ வருது.

போஸ்டர் விஷயத்துல ரெண்டு தரப்பும் சொல்றது ஒரே நேரத்துல உண்மையா இருக்கலாம், அதுதான் வேடிக்கை. லோக்சபால ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்வி, 230 நட்சத்திரமில்லாத கேள்வி. நட்சத்திரம் போட்டதுக்குத்தான் மந்திரி எழுந்து நின்னு பதில் சொல்லணும், எம்பி மடக்கி துணைக்கேள்வி கேக்கலாம். அதுக்கு இருக்கறதே 11 மணிலேர்ந்து 12 வரைக்கும் ஒரு மணி நேரம்தான், அமளில பாதி நாள் அதுவும் போயிடும், அந்த இருபதுல நாலஞ்சு தாண்டுறதே பெரிய விஷயம். மிச்சமெல்லாம் எழுத்துல போயி எழுத்துல வர்ற பதில். ஒரே விஷயத்தை ஆறு எம்பி கேட்டிருந்தா ஆறையும் சேர்த்துக் கட்டி ஒரே பதில் வரும், ஆனா ஆறு பேர் கணக்குலயும் ஆளுக்கு ஒண்ணு ஏறிடும். அதனால எழுந்தே நிக்காம 400 கேட்டிருக்கறது நடக்கக்கூடியதுதான். அதுக்காக எழுத்துக் கேள்வின்னா சும்மான்னு நினைச்சுடாதீங்க, உங்க ஊர் திட்டத்துக்கு எவ்ளோ ஒதுக்கினாங்க எவ்ளோ செலவாச்சுன்னு மந்திரி பேர்ல பதிவாகி வர்ற காயிதம் அது, நல்ல கேள்வி ஒண்ணு பத்து மேடைப்பேச்சுக்கு சமம்.

'விவாதங்கள்'னு ஒரு எண் சொல்றாங்களே, அதுலயும் இதே கூத்துதான். 377-ஆவது விதின்னு ஒண்ணு இருக்கு, தொகுதிப் பிரச்சினைய 250 வார்த்தைக்குள்ள எழுதிக் குடுக்கறது. சபைல வாசிக்க நேரமில்லன்னா மேசைல வச்சதா, அதாவது வாசிக்காமலே சபைப் பதிவுல சேர்ந்ததா எடுத்துக்குவாங்க. பட்ஜெட் விவாதத்துலயும் கட்சிக்கு ஒதுக்கின நேரம் தீந்துபோனா எழுதிட்டு வந்த பேச்ச அப்படியே மேசைல வச்சிடலாம். இதெல்லாமும் அவர் கணக்குலதான் சேரும். 1962ல அண்ணா ராஜ்யசபால பேசின கன்னிப்பேச்ச இன்னிக்கும் எடுத்து வச்சு பேசுறாங்க, இந்த எண்ணிக்கைல போட்டா அதுவும் வெறும் ஒண்ணுதான்.

பாக்குறது எப்படின்னா, சன்சாத் டாட் இன் தளத்துக்குப் போயி லோக்சபா, உறுப்பினர்கள், உங்க எம்பி பேர், அதுல கேள்விகள் தனியா விவாதங்கள் தனியா கிடைக்கும். மொத்த எண்ணப் பாக்காதீங்க, ஏதாவது நாலஞ்ச திறந்து படிங்க. பேச்சுக்கு ஓரமா சின்ன நட்சத்திரக் குறி இருந்தா அந்தப் பக்கத்தோட அடிக்குறிப்புக்கு இறங்குங்க, 'மேசைல வைக்கப்பட்டது'ன்னு அர்த்தம் வர்ற மாதிரி இருந்தா அவர் வாயால பேசல. 'தமிழில் பேசியதன் ஆங்கில மொழிபெயர்ப்பு'ன்னு இருந்தா பேசியிருக்கார். நம்ம ஆளு தமிழ்ல பேசினத நாம இங்கிலீஷ் மொழிபெயர்ப்புல தேடிப் படிக்கணும், அதுவும் பேர்ல இனிஷியல் முன்னாடியா பின்னாடியான்னு தெரியாம தேடுனா ஒண்ணுமே வராது, பிடிஎப் திறக்கறதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துடலாம். இவ்ளோ பெரிய நாடு, இதக்கூட ஒழுங்கா பண்ண மாட்டேங்குறாங்க.

ஒரு விதிவிலக்கு, இத நல்லா மனசுல வச்சுக்கோங்க ஏன்னா வாட்ஸ்அப்ல வர்ற பாதிப் பொய் இதுலதான் ஓடுது. உங்க எம்பி மந்திரியா இருந்தா கேள்வி எண்ணிக்கை பூஜ்யம்தான் வரும். மந்திரி கேள்வி கேக்க மாட்டார், பதில் சொல்றவரே அவர்தானே. வருகைப் பதிவேட்டுலயும் கையெழுத்து போட வேண்டியதில்ல, அதனால வருகையும் இருக்காது. இணையமைச்சரா இருந்தாலும் அப்படித்தான். பாதில மந்திரியானவர்னா ஆகறதுக்கு முன்னாடி இருக்கற காலத்துக்கு மட்டும் கணக்கு இருக்கும், அத அஞ்சு வருஷத்துக்கும் பரப்பி 'பாருங்க எவ்ளோ கம்மி'ன்னு போடுவாங்க. சபாநாயகருக்கும் இதே கதைதான். மந்திரிய திட்டணும்னா அவர் குடுத்த பதில்கள எடுத்துப் படிச்சுட்டு திட்டுங்க, பூஜ்யத்தக் காட்டி திட்டாதீங்க.

இப்ப அந்த 25 ஆயிரம். பார்லிமெண்ட்ல கேள்வி கேக்க ஃபீஸ்னு ஒரு பைசா கிடையாது. டெல்லில ஆள் இருக்கு, பிஏ நம்ம பையன், 'செக்‌ஷன்ல குடுக்கணும்'னு எவன் சொன்னாலும் அவன் புரோக்கர். 2005ல கேள்வி கேக்க காசு வாங்கினத ரகசிய கேமரால புடிச்சு டிவில போட்டாங்க, லோக்சபால 10 பேர், ராஜ்யசபால ஒருத்தர், மொத்தம் 11 எம்பி பதவியே போச்சு. சுப்ரீம் கோர்ட்டும் 2007ல அது சரின்னுடுச்சு. 2024 மார்ச்ல இன்னும் தெளிவாவே சொல்லிட்டாங்க, சபைல பேசவோ ஓட்டுப் போடவோ லஞ்சம் வாங்கினா எம்பிங்கிற பாதுகாப்பு செல்லாது. குடுத்தவங்க மேலயும் கேஸ் வரும், அத மறந்துடாதீங்க. இதுல இன்னொரு தந்திரம் இருக்கு. எம்பி எப்படியும் கேக்கப்போற கேள்விய முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு நான்தான் கேக்க வச்சேன்னு உங்ககிட்ட வசூல் பண்ணுவான். கேள்வி குலுக்கல்ல விழுறதுதான், அத அவன் எப்படி உறுதி குடுக்க முடியும்? விழலன்னா 'அடுத்த செஷன்ல பாத்துக்கலாம்'னு சொல்லுவான், காசு மட்டும் திரும்பி வராது.

உங்க விஷயம் ரயில்வே, மத்திய அரசு சமாச்சாரம், அதனால பார்லிமெண்ட்டுக்குப் பொருந்தும். கண்மாய், தெருவிளக்குன்னா கேட்டாலும் தள்ளிடுவாங்க, எம்எல்ஏகிட்டயும் கலெக்டர்கிட்டயும் போறதுதான் வழி. எம்பி ஆபீசுக்கு ஒரே பக்கத்துல கடுதாசி எழுதுங்க. சுரங்கப்பாதை நம்பர், எந்த ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல இருக்கு, எந்தெந்த தேதில தண்ணி நின்னுச்சு, ரயில்வேக்கு முன்னாடி குடுத்த மனுவோட நகல், ரெண்டு போட்டோ. கேள்வியாவோ 377லயோ எழுப்புங்கன்னு தெளிவா கேளுங்க, பொதுவா 'ஆவன செய்யுங்கள்'னு எழுதினா ஃபைல்ல தூங்கும். கேள்விக்கு 15 நாள் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும், அதனால கூட்டத்தொடர் தேதி பேப்பர்ல வந்த அன்னிக்கே கடுதாசி போய்ச் சேரட்டும், கைல குடுத்தா சீல் போட்டு நகல் வாங்கிக்கோங்க. அந்த ஆளுக்கு அட்வான்ஸ் ஏதும் குடுத்திருந்தா இன்னிக்கே திருப்பிக் கேளுங்க.