புரூம் ஊரின் ரோபக் பே ஹோட்டலுக்கும் முத்துக்குளிப்புக்கும் என்ன தொடர்பு?

மேற்கு ஆஸ்திரேலியாவின் புரூமில் இருக்கும் இந்தப் பழைய ஹோட்டலை ஏன் முத்துக்குளிப்போடு சேர்த்தே பேசுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். 1890-இல் திறந்தது, ஊரே சிப்பியை நம்பிப் பிழைத்த காலம், கடலிலிருந்து திரும்பிய படகுக்காரர்கள் காசை இறைத்த இடங்களில் அதன் மதுக்கூடமும் ஒன்று, அவ்வளவுதான்.

ஆனால் முத்துதான் அங்கே பெரிய வருமானம் என்று நினைத்துவிடாதீர்கள். முத்து கிடைத்தால் அதிர்ஷ்டம். நிஜமான காசு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும் அந்தச் சிப்பியின் ஓட்டில்தான், சட்டைப் பொத்தான் செய்வதற்காகக் கப்பலேறியது. முதலில் பழங்குடி மக்களை, கர்ப்பிணிகளைக்கூட, மிரட்டிக் கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்க வைத்தார்கள். அப்புறம் செம்புத் தலைக்கவசம், ஈயம் வைத்த பூட்ஸ், படகிலிருந்து இறங்கும் காற்றுக்குழாய் என்று ஜப்பானியர்கள் வந்தார்கள். வெள்ளையர் மட்டும் என்று அடம்பிடித்த குடியேற்றக் கொள்கையிலேயே இந்தத் தொழிலுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள், காசு என்றால் கொள்கையும் வளையும் போல. ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்தால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழ் கட்டி மூட்டு முடங்கும், உயிரும் போகும், புயல்கள் வேறு. அங்குள்ள ஜப்பானியர் கல்லறைத் தோட்டத்தில் 900-க்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள்.

1950-களில் பிளாஸ்டிக் பொத்தான் வந்ததும் தொழில் படுத்துவிட்டது. 1956-இல் புரூமுக்கு வடக்கே குரி பே என்ற கடற்கரை விரிகுடாவில் தொடங்கிய வளர்ப்பு முத்துப் பண்ணைதான் அதைத் தூக்கி நிறுத்தியது.