கையூன்றி ஏறும் முகடுகள்: முதல் ஸ்கிராம்ப்ளிங் பற்றிக் கேள்வி பதில்

பிரிட்டனில் மலைநடை பழகிய நம்மவர்கள் பலர் இப்போது ஸ்கிராம்ப்ளிங் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். நடைபாதை முடிந்து, கையையும் ஊன்றினால்தான் மேலே போக முடியும் என்கிற பாறை முகடுகள் அவை. வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். என்னிடம் இருப்பது மவுண்டன் லீடர் தகுதி. நடைக்கூட்டம் அழைத்துப்போகலாம், திட்டமிட்டுக் கயிறு போட்டு ஆளேற்றுவது அதில் அடங்காது. ஆகவே உங்களிடம் விற்க என்னிடம் ஒன்றும் இல்லை.

லெஸ்டரிலிருந்து: வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறியிருக்கிறேன். வேல்ஸின் ஸ்னோடன் மலைக்கு லான்பெரிஸ் பாதையில் போயிருக்கிறேன். இது போதுமா அண்ணா?

மூச்சுக்கும் காலுக்கும் தாராளமாகப் போதும். ஸ்னோடனே 1,085 மீட்டர்தான். ஆனால் வெள்ளியங்கிரியில் மூங்கில் கம்பை ஊன்றிக்கொண்டு ஏறினீர்கள். இங்கே கம்பை மடித்துப் பைக்குள் வைத்துவிட வேண்டும். பைக்கு வெளியே செருகினால் பாறை இடுக்கில் மாட்டி ஆளைப் பின்னுக்கு இழுக்கும். அங்கே தவறினால் முட்டி சிராய்க்கும். இங்கே சில இடங்களில் தவறவே கூடாது. உங்களுக்குக் குறைவது பலம் இல்லை, பாறையில் காலை எங்கே வைப்பது என்கிற பழக்கம். அது ஒரு நாளில் ஓரளவு வந்துவிடும்.

மான்செஸ்டரிலிருந்து: கிரேடு 1, 2, 3 என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

1 என்றால் பெரும்பாலும் கயிறு இல்லாமல் போகிற வழி. 2-இல் சில இடங்களில் தொடக்கநிலை ஆட்களுக்குக் கயிறு வேண்டிவரும். 3 கிட்டத்தட்ட பாறையேற்றமே. ஆனால் இந்த எண் காய்ந்த பாறைக்குத்தான். இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்டில் பிளென்காத்ரா மலையின் ஷார்ப் எட்ஜ் முகடும் கிரேடு 1-தான். மழை பெய்த மறுநாள் அங்கே போய்ப் பாருங்கள், ஸ்லேட் பாறை வழவழவென்று இருக்கும். திரும்பி வர முடியுமா என்பதையும் இந்த எண் சொல்லாது. ஸ்காட்லாந்தில் கிளென்கோவின் ஏனக் ஈகக் முகடு கிரேடு 2. முகட்டில் கால் வைத்துவிட்டால் நடுவில் பத்திரமாக இறங்க வழியே கிடையாது. "ரெண்டுதானே" என்று கிளம்பியவர்கள் பாதியில் உட்கார்ந்துவிடுவது அங்கேதான்.

க்ராய்டனிலிருந்து: வழிகாட்டி உண்மையிலேயே தகுதி உள்ளவரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நேராகக் கேளுங்கள், தப்பே இல்லை. பிரிட்டனில் கயிறு போட்டு ஸ்கிராம்ப்ளிங் அழைத்துப்போக மவுண்டனியரிங் அண்ட் கிளைம்பிங் இன்ஸ்ட்ரக்டர் தகுதி வேண்டும். முன்பு எம்.ஐ.ஏ. என்றார்கள், இப்போது எம்.சி.ஐ. பிரிட்டிஷ் மவுண்டன் கைடு என்றால் அதற்கும் மேல். வெறும் ராக் கிளைம்பிங் இன்ஸ்ட்ரக்டர் சான்றிதழ் இதற்குப் பொருந்தாது. அது சாலைக்குப் பக்கத்துப் பாறைகளுக்கானது. அப்புறம், ஒருவருக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். கயிறு தேவைப்படும் வழிக்கு ஒரு பயிற்றுநருக்கு இரண்டு பேர் என்பதுதான் வழக்கம். இன்ஸ்டாகிராமில் படம் போட்டு, ஒரே ஆள் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு ஸ்னோடன் பக்கத்து கிரிப் கோக் முகட்டுக்குப் போகிறார் என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கார்டிஃபிலிருந்து: முதல் தடவைக்கே கிரிப் கோக் போகலாமா? எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

எல்லோரும் சொல்வது படம் நன்றாக வருவதால். 923 மீட்டரில் கத்திமுனை மாதிரி ஒரு முகடு. மேற்கே போகையில் வலப்பக்கம் செங்குத்துச் சரிவு. முகட்டின் உச்சியைக் கைப்பிடிச் சுவராகப் பிடித்துக்கொண்டு, இடப்பக்கம் சற்றுக் கீழே கால் வைத்துப் பக்கவாட்டில் நகர்வார்கள். கடினமான அசைவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பள்ளம் தெரிந்துகொண்டே இருக்கும், அதுதான் விஷயம். பிரிட்டனிலேயே மழை அதிகம் கொட்டும் இடங்களில் ஒன்று அது; ஆண்டுச் சராசரி 4,400 மில்லிமீட்டருக்கும் மேல்.

என்னைக் கேட்டால் முதல் நாளுக்கு வேல்ஸிலேயே ட்ரிவன் மலையின் வடக்கு முகடு. 917 மீட்டர். ஓக்வென் ஏரிக்கரைச் சாலையிலிருந்து நேரே ஏற்றம். முகடு அகலமானது, படிப்படியாகப் பாறைகள், மூச்சு வாங்க நடுநடுவே சமதளம். பாதியில் பீரங்கி போலச் சாய்ந்து நீட்டிக்கொண்டு ஒரு கல் இருக்கும், அதன்மேல் ஏறாமல் யாரும் விடுவதில்லை. சிக்கல் வழி கண்டுபிடிப்பதில்தான். ஆளாளுக்குப் போட்ட தடங்கள் பத்து திசைக்கும் பிரியும். ஆயிரக்கணக்கான கால்கள் பட்டுப் பாறை பளபளப்பாகியிருக்கும். அந்தப் பளபளப்பையே அடையாளமாக வைத்துப் போகக் கற்றுக்கொடுப்பார்கள். வழிகாட்டி இருந்தால் உங்களை முன்னே விட்டு, "அடுத்து எங்கே?" என்று கேட்பார். கேட்காமல் தானே இழுத்துக்கொண்டு போகிறவர் என்றால் பாதிக் காசு வீண்.

லேக் டிஸ்ட்ரிக்ட் பக்கம் என்றால் ஹெல்வெலின் மலையின் ஸ்ட்ரைடிங் எட்ஜ் முகடு. அதைவிடச் சுலபம். முகட்டின் கடைசியில் இறங்க வேண்டிய ஒரு சிறு பாறைச் சந்து மட்டும் கொஞ்சம் யோசிக்க வைக்கும்.

ஹாரோவிலிருந்து: அண்ணை, எனக்கு உயரமெண்டா பயம். மனிசியும் மச்சானும் போகினம். நான் கீழ நிக்கிறதோ?

நிற்க வேண்டாம், ஆனால் முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். அதற்கேற்ற வழியை அவர்கள் எடுப்பார்கள். மேலே போய் முழங்கால் வெடவெடத்த பிறகு சொல்வதுதான் சிரமம். பயந்தவர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள்: பாறையோடு பாறையாக ஒட்டிப் படுத்துக்கொள்வார்கள். அப்போது எடை காலில் இறங்காமல் ஷூ வழுக்கும், பயம் இன்னும் கூடும். உடம்பைக் கொஞ்சம் வெளியே தள்ளி நிமிர்ந்தால் கால் பிடித்துக்கொள்ளும். இரண்டு கை, இரண்டு கால், இந்த நாலில் மூன்று எப்போதும் பாறையில் இருக்கட்டும். கல்லைப் பிடிக்கும் முன் உள்ளங்கையால் ஒரு தட்டு. டொக்கென்று உள்ளே வெற்றாகக் கேட்டால் வேறு கல். முழங்காலை ஊன்றி ஏறாதீர்கள், அதிலிருந்து எழ முடியாது. செங்குத்தான இறக்கத்தில் ஏணியில் இறங்குவதுபோல் பாறையைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளுங்கள். தேவைப்பட்டால் வழிகாட்டி உங்களை ஒரு சிறு கயிற்றில் கட்டிக்கொள்வார், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பர்மிங்ஹாமிலிருந்து: காசு கட்டிப் போனோம். கிரிப் கோக்குக்குப் பாதை பிரியும் இடத்திலேயே வழிகாட்டி "இன்றைக்கு வேண்டாம்" என்று பிக் டிராக் என்கிற ஸ்னோடன் நடைபாதையில் கூட்டிப்போய்விட்டார். மழைகூட இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

கேட்கலாம், கிடைக்காது. கிடைக்கவும் கூடாது என்பேன். மழை இல்லை, சரி, காற்று? பாதை பிரியும் அந்தக் கணவாயிலேயே தொப்பி பறக்கிறது என்றால் முகட்டில் நிற்க முடியாது. அங்கே மணிக்கு 30 மைல் காற்று போதும், வேலை முடிந்தது. மலை வானிலை அறிக்கையில் மழையைவிட முதலில் காற்றைத்தான் பார்ப்பேன். நீங்கள் கொடுத்த காசு கயிற்றுக்கோ ஹெல்மெட்டுக்கோ இல்லை, அந்த "வேண்டாம்" என்ற சொல்லுக்குத்தான். காசு வாங்கிவிட்டோமே என்று எந்த நிலையிலும் மேலே ஏற்றுகிறவர்தான் ஆபத்தானவர். ஒன்று மட்டும் கேட்டிருக்கலாம்: மாற்றுவழி என்ன என்று காலையிலேயே ஏன் சொல்லவில்லை? அந்தக் குறை நியாயமானது.

ரெடிங்கிலிருந்து: ஷூ?

ஓட்டப்பயிற்சி ஷூ வேண்டாம், அடி வளையும். பாறையில் பிடிக்கும் அடியுள்ள அப்ரோச் ஷூ, அல்லது அடி கெட்டியான நடைபூட்ஸ். ஹெல்மெட் அவர்களே தருவார்கள்.

லூட்டனிலிருந்து: வயது 48, சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறேன். ஏற்றுக்கொள்வார்களா?

பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். முதலில் மருத்துவரிடம் பேசுங்கள். பிறகு படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். இரண்டு கையும் பாறையில் இருக்கும்போது பையைத் திறக்க முடியாது, அதனால் குளுக்கோஸ் மாத்திரை சட்டைப்பையில் இருக்கட்டும். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பது வழிகாட்டிக்கும் தெரிய வேண்டும்.

வாட்ஃபோர்டிலிருந்து: ட்ரிவன் உச்சியில் ஆதாம் ஏவாள் கற்களைத் தாண்டியே ஆக வேண்டுமா? கீழே விழுந்தால் யாரைக் கூப்பிடுவது?

ஆளுயரத்துக்கும் மேலான இரண்டு கற்கள், நடுவே ஒரு மீட்டர் சொச்சம் இடைவெளி. அந்தப் பக்கம் கிழக்குச் சரிவு. தாண்டினால் "ட்ரிவனின் சுதந்திரம்" கிடைக்கும் என்பது வழக்கு. கிடைத்து என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. ஈரமாக இருந்தால் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரியுங்கள்.

விபத்து என்றால் 999 அழைத்து, முதலில் போலீஸ், பிறகு மவுண்டன் ரெஸ்க்யூ என்று கேளுங்கள். வருகிறவர்கள் தன்னார்வலர்கள், கட்டணம் இல்லை. சிக்னல் இல்லையென்றால் ஒரு நிமிடத்தில் ஆறு விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. 999-க்குக் குறுஞ்செய்தியும் அனுப்பலாம், ஆனால் உங்கள் எண்ணை முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். அதை வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே செய்துவிடுங்கள்.