மூன்று வாரத் தலைவலி: பூஞ்சை மூளைக்காய்ச்சலா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. நெஃப்ரோடிக் சிண்ட்ரோமுக்காக (சிறுநீரில் புரதம் வெளியேறும் சிறுநீரக நோய்) மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடுகிறான். மூன்று வாரமாகத் தலைவலி, விட்டுவிட்டுக் காய்ச்சல், காலையில் வாந்தி. டிபி மூளைக்காய்ச்சலாகவோ பூஞ்சையாகவோ இருக்கலாம், முதுகில் நீர் எடுக்கணும் என்கிறார்கள். கால் விளங்காமல் போய்விடுமா டாக்டர்?

பதில்: போகாது. தண்டுவடம் முடியும் இடத்துக்கும் கீழே, இடுப்பில்தான் ஊசி இறங்குகிறது. இன்றே சம்மதியுங்கள். வலிப்பு, நினைவுத் தடுமாற்றம், கை கால் பலவீனம் இருந்தால் முதலில் ஸ்கேன் எடுப்பார்கள்.

நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைகளைத் தாக்கும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை, பாக்டீரியா போல ஓரிரு நாளில் ஆளைச் சாய்க்காது. வாரக்கணக்கில் மெல்ல வளரும். கழுத்து விறைக்காமலும் இருக்கலாம். இரட்டைப் பார்வையும் ஓயாத தூக்கமும் மூளைக்குள் அழுத்தம் ஏறுவதைக் காட்டலாம்.

எடுத்த நீரில் லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் கூடி, சர்க்கரை குறைந்திருந்தால் அது டிபி மாதிரியே தெரியும். அதனால் இந்தப் பூஞ்சையின் கூறைக் கண்டறியும் கிரிப்டோகாக்கல் ஆன்டிஜென் பரிசோதனையைக் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். சோதனைப் பட்டையில் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மை கலந்து நுண்ணோக்கியில் பார்க்கும் இந்தியா இங்க் சோதனை மட்டும் போதாது, பூஞ்சை குறைவாக இருந்தால் தவறவிடும். பூஞ்சையை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரும் வேண்டும். பூஞ்சையை டிபி என்று எண்ணி டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தால் பூஞ்சை அழிவது தாமதமாகும். ஆனால் அவன் சாப்பிடும் ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்துவதும் ஆபத்து. குறைப்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

உறுதியானால் பூஞ்சைக்கொல்லி மருந்தான லிப்போசோமல் ஆம்போடெரிசின் பி, கிலோவுக்கு தினம் 3–5 மி.கி.; சிறுநீரகம் ஏற்கெனவே நலிந்த பிள்ளைக்குப் பழைய வகை ஆம்போடெரிசினைவிட இது மேல். 5% டெக்ஸ்ட்ரோஸில்தான் கலக்க வேண்டும், சலைனில் கலந்தால் மருந்து படிந்துவிடும். கூடவே இன்னொரு பூஞ்சை மருந்தான ஃப்ளூசைட்டோசின், கிலோவுக்கு 25 மி.கி. வீதம் நாலு வேளை. சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் ஏறும்போது ஃப்ளூசைட்டோசின் அளவைக் குறைக்காவிட்டால் ரத்த அணுக்கள் சரியும். பொட்டாசியம், மெக்னீசியம், ரத்த அணுக்களை வாரம் இருமுறையாவது பார்க்க வேண்டும். இந்தக் கட்டம் குறைந்தது 2 வாரம், எச்.ஐ.வி. இல்லாத பிள்ளைகளுக்கு 4 வாரமும் அதற்கு மேலும் நீளலாம்.

மருந்துக்கு நிகரானது அழுத்தத்தை இறக்குவது. முதுகு நீரின் அழுத்தம் (நீர்மட்ட உயரமாக அளப்பது) 25 செ.மீ.க்கு மேல் இருந்தால், 20க்குக் கீழே வரும்வரையோ பாதியாகும்வரையோ நீரை வடிப்பார்கள். சீராகும்வரை தினமும் குத்த நேரலாம். "நேற்றுத்தானே எடுத்தீர்கள்" என்று தடுக்காதீர்கள். அழுத்தம் நீடித்தால் பார்வையே போய்விடலாம்.

முதல் கட்ட மருந்துகள் முடிந்த பிறகு ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்து, கிலோவுக்கு 10–12 மி.கி. 8 வாரம், அடுத்து 6 மி.கி., பெரும்பாலும் ஓராண்டு வரை. வலிப்புக்கு ஃபெனிடாயின் எடுத்தால் சொல்லிவிடுங்கள், ஃப்ளூகோனசோல் அதன் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். தலைவலி திரும்பினால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.