பூச்சியா, கல்லா என்று மகளிடம் கேளுங்கள்

அம்மா, "பூச்சிப் புதைபடிவம்தான் படிப்பேன் என்று பிளஸ் டூ முடித்த மகள் அடம்பிடிக்கிறாள், இதற்கு எங்கே வேலை இருக்கிறது?" என்று எழுதியிருந்தீர்கள். பயம் நியாயமானது. அந்தப் பெயரில் பணியிடங்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. ஆனால் அங்கே போகிற வழியில் வேலைகள் இருக்கின்றன.

அவள் சொல்லும் கல்லீயையே (ஸ்டோன்ஃபிளை எனப்படும் ஓடைப் பூச்சி) எடுத்துக்கொள்வோம். சீனாவின் நிங்ஷியாவில், 30 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய பாறையில் கிடைத்த ஒரு பூச்சிக்கு 2011-ல் 'குலோ' என்று பெயரிட்டார்கள். இன்றைய கல்லீக் குடும்பங்கள் கிளைபிரிவதற்கு முன்பே அடிமரத்திலிருந்து விலகிய பழைய உறவு அது. எப்படிக் கண்டுகொண்டார்கள்? இறக்கை நரம்புகள் எங்கே பிரிகின்றன, எங்கே சேர்கின்றன என்று பார்த்துத்தான். அதற்குப் பெயரிட்ட ஆய்வுக் கட்டுரையை எழுதிய ஐவரில் போரிஸ் கோண்ட்ராட்டியேஃப், பில் ஸ்டார்க் இருவரும் இன்று ஓடைகளில் வாழும் கல்லீக்களில் ஊறியவர்கள். உயிருள்ளதைத் தெரிந்தவர்தான் கல்லில் இருப்பதை அடையாளம் சொல்ல முடிந்தது. உங்கள் மகள் இதை மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

அதனால் என் யோசனை: முதலில் விலங்கியல், அதிலும் நீர்வாழ் பூச்சிகள். கல்லீயின் இளம்பருவம் பெரும்பாலும் ஆக்சிஜன் நிறைந்த ஓடுநீரில்தான் வளரும். சாக்கடை கலந்தால் முதலில் காணாமல் போகிறவற்றில் அதுவும் ஒன்று. ஆகவே ஆற்று நீரின் தரத்தைப் பூச்சிகளை வைத்துக் கணிக்கும் ஆய்வுகளுக்கு இவற்றை இனம்பிரிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலும் நியோபெர்லா என்ற கல்லீ உண்டு.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தில் (ஜி.எஸ்.ஐ.) நிலவியலாளர் பணிக்கு யு.பி.எஸ்.சி. தேர்வு எழுத முதுகலையில் நிலவியல் (ஜியாலஜி) அல்லது அது சார்ந்த பாடம் வேண்டும். விலங்கியல் எடுத்தால் அந்தக் கதவு மூடிவிடும். அவளை இழுப்பது பூச்சியா, பாறையா என்று இப்போதே கேளுங்கள். பாறை என்றால் நான் சொன்னதை விட்டுவிட்டு பி.எஸ்சி. நிலவியலில் சேர்த்துவிடுங்கள்.

எம்.எஸ்சி. முடித்து சி.எஸ்.ஐ.ஆர். நடத்தும் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் தகுதி) கிடைத்தால், முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. அதன்பின் லக்னோவில் உள்ள பீர்பல் சாஹ்னி தொல் அறிவியல் நிறுவனம் போன்ற இடங்களை நோக்கலாம்.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள், அம்மா. விலங்கியல் ஆய்வகத்துக்குப் போய், இளங்கலை மாணவர்கள் நுண்ணோக்கியைத் தாங்களே கையாளுகிறார்களா, ஆண்டுக்கு எத்தனை முறை களப்பயணம் போகிறார்கள் என்று மகளையே கேட்கச் சொல்லுங்கள்.