யூத வெறுப்பு, இஸ்ரேல் விமர்சனம், போர்ச் சட்டம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

காசா போர் பற்றி வரும் கேள்விகளில் பாதி "இப்படிச் சொன்னால் யூத வெறுப்பா?" என்பவை. மீதி "இது போர்க்குற்றமா?" என்பவை. இரண்டுக்கும் அளவுகோல் வேறு. முதலாவது, யாரை, எதற்காகக் குறிவைக்கிறோம் என்று பார்ப்பது. இரண்டாவது, களத்தில் என்ன செய்தார்கள், என்ன தெரிந்துகொண்டு செய்தார்கள் என்று பார்ப்பது. ஒன்றின் விடையை வைத்து மற்றதைத் தீர்க்கப் போகிறவர்களால்தான் விவாதம் பெரும்பாலும் கெடுகிறது.

இஸ்ரேல் அரசைக் கடுமையாக விமர்சித்து எழுதினேன். யூத வெறுப்பாளன் என்று முத்திரை குத்திவிட்டார்கள். கோடு எங்கேதான் இருக்கிறது?

யூத வெறுப்புக்கு இரண்டு வரையறைகள் அதிகம் புழங்குகின்றன. ஒன்று, சர்வதேச ஹோலோகாஸ்ட் நினைவுக் கூட்டணி 2016 மே மாதம் புக்கரெஸ்டில் ஏற்றுக்கொண்டது. அதில் 11 உதாரணங்கள் உண்டு, பல இஸ்ரேல் தொடர்பானவை. ஆனால் மற்ற நாடுகளை விமர்சிப்பதுபோல இஸ்ரேலை விமர்சிப்பது யூத வெறுப்பு ஆகாது என்றும், தனக்குச் சட்ட வலு இல்லை என்றும் அதே ஆவணம் சொல்கிறது. அதை மேற்கோள் காட்டித் திட்டுகிறவர்கள் இந்த இரண்டு வரிகளையும் வசதியாக விட்டுவிடுவார்கள். அதன் முன்வடிவத்தை எழுதியதில் முதன்மைப் பங்கு வகித்த கென்னத் ஸ்டெர்னே, பல்கலைக்கழகங்களில் பேச்சை அடக்க அதைப் பயன்படுத்துவதை எதிர்த்தார்.

இன்னொன்று 2021 மார்ச்சில் வந்த ஜெருசலேம் பிரகடனம். யூதர் என்பதற்காகவே ஒருவர் மீது காட்டப்படும் பாகுபாடு, தப்பெண்ணம், பகை, வன்முறை என்பது அதன் மையம். 15 வழிகாட்டுதல்களில் எது யூத வெறுப்பு, எது தன்னளவில் அல்ல என்று பிரித்துச் சொல்கிறது. சியோனிசத்தை, அதாவது யூதர்களுக்குத் தனி நாடு என்ற கொள்கையை, எதிர்ப்பதும், இஸ்ரேலை நிறவெறி ஆட்சியோடு ஒப்பிடுவதும் இரண்டாவது பட்டியலில் வருகின்றன. அன்றாட உபயோகத்துக்கு இதுவே கைகொடுக்கும் என்பது எங்கள் கருத்து.

எழுதி முடித்ததும் மூன்றைச் சரிபாருங்கள். "யூதர்கள்" என்று எழுதிய இடத்தில் உண்மையில் யாரைச் சொல்கிறீர்கள்? அமைச்சரவையா, விமானப்படையா, மேற்குக் கரைக் குடியேறிகளா? அந்தப் பெயரையே எழுதுங்கள். இஸ்ரேல் குடிமக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அரபியர். உலக யூதர்களில் பாதிக்கு மேல் இஸ்ரேலுக்கு வெளியே, அங்கே வாக்குரிமை இல்லாமல் இருக்கிறார்கள். அடுத்து, குற்றச்சாட்டில் செயல், இடம், நாள் இருக்கிறதா, அல்லது "அவர்கள் குணமே அப்படி" என்று போகிறதா? கடைசியாக, பழைய வசைகள் நுழைந்துவிட்டனவா?

மூன்றாவதில்தான் நல்லெண்ணத்தோடு எழுதுகிறவர்களும் சறுக்குகிறார்கள். "குழந்தைகளின் ரத்தம் குடிக்கும் யூதர்கள்" என்பது கோபத்தில் வந்த உவமை அல்ல. 1144இல் இங்கிலாந்தின் நார்விச் நகரில் ஒரு சிறுவன் இறந்ததையொட்டிக் கிளம்பி, 1840இல் டமாஸ்கஸ் வரை போய், யூதர்களைச் சித்திரவதைக்கும் சாவுக்கும் ஆளாக்கிய அவதூறு அது. "இன்ன தேதியில் இந்தக் கட்டடத்தின் மீது நடந்த குண்டுவீச்சில் இத்தனை குழந்தைகள் இறந்தார்கள். இலக்கு என்ன என்று ராணுவம் சொல்ல வேண்டும்" என்று எழுதிப் பாருங்கள். கோபம் குறையாது. பதில் சொல்ல வேண்டிய இடத்தில் அரசு வந்து நிற்கும்.

உலக வங்கிகள், ஊடகங்கள் எல்லாம் யூதர் கையில் என்று ஒரு பழைய ரகசிய ஆவணத்தைக் காட்டி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே?

அது பெரும்பாலும் "சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்". முழுப் போலி. 1903இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நாளிதழ் ஒன்றில் தொடராக வெளிவந்தது. மூன்றாம் நெப்போலியனைக் கிண்டலடித்து 1864இல் பிரெஞ்சில் வந்த, யூதர்களைப் பற்றிப் பேசவே பேசாத ஒரு நூலிலிருந்து பத்தி பத்தியாகத் திருடியது என்பதை 1921இல் லண்டன் டைம்ஸ் இரண்டையும் பக்கத்தில் பக்கம் வைத்து நிரூபித்தது. அதற்குப் பிறகும் நாஜிகள் அதைப் பரப்பினார்கள். பாலஸ்தீன ஆயுத இயக்கமான ஹமாஸின் 1988ஆம் ஆண்டுச் சாசனம் 32ஆம் பிரிவில் அதை ஆதாரமாகவே காட்டுகிறது. தங்கள் மோதல் யூதர்களோடு அல்ல, சியோனிசத் திட்டத்தோடு என்று ஹமாஸ் அறிவித்த ஆவணம் 2017இல்தான் வந்தது. பாலஸ்தீனத்துக்கு ஆதரவாக நினைத்து இதை ஃபார்வர்டு செய்கிறவர், தன் தரப்பின் நியாயத்தைத் தானே கெடுக்கிறார்.

யூத வழிபாட்டுத் தலத்தின் முன் காசாவுக்காக ஆர்ப்பாட்டம் செய்வது தவறா?

அங்கே வருகிறவர்களை இஸ்ரேலின் செயலுக்குப் பதில் சொல்லச் சொன்னால், தவறு. உங்கள் முறையீடு அரசிடம், அதனால் போக வேண்டிய இடம் தூதரகம். ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் 2014 ஜூலையில் சினகாக் ஒன்றின் மீது பெட்ரோல் குண்டு வீசினார்கள். காசா பிரச்சினைக்குக் கவனம் ஈர்க்கத்தான் செய்தோம் என்றது குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்பு. நீதிமன்றமும் யூத வெறுப்பு நோக்கம் தெளிவாக நிரூபணமாகவில்லை என்று சொல்லி நிறுத்திவைத்த தண்டனையோடு விட்டது. அந்தத் தீர்ப்பு மோசமானது என்றே நினைக்கிறோம். ஜெர்மன் யூதர்கள் கும்பிடும் இடம் காசாவோடு சம்பந்தப்படுவது அவர்கள் யூதர்கள் என்ற ஒரே காரணத்தால்தானே? 2012 மார்ச்சில் பிரான்சின் துலூஸ் நகரில் யூதப் பள்ளியில் மூன்று குழந்தைகளையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக்கொன்றவன் சொன்னதும் பாலஸ்தீனக் குழந்தைகளுக்குப் பழிவாங்கல் என்றுதான்.

இஸ்ரேல் பொருள்களைப் புறக்கணிக்கச் சொல்வது?

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2020 ஜூன் 11இல் இதைத் தீர்த்தது. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் நின்று இஸ்ரேல் பொருள்களை வாங்காதீர்கள் என்று துண்டறிக்கை கொடுத்த 11 பேருக்கு பிரெஞ்சு நீதிமன்றங்கள் தண்டனை கொடுத்திருந்தன. அது கருத்துரிமை மீறல், வன்முறையையோ வெறுப்பையோ தூண்டாதவரை அது அரசியல் பேச்சு என்பது தீர்ப்பு. புறக்கணிப்பு அரசியல்ரீதியாகப் பயன் தருமா என்பது வேறு விவாதம். யூதர் நடத்தும் கடை என்பதற்காக உங்கள் ஊர்க் கடையைப் புறக்கணித்தாலோ, யூத மாணவரிடம் மட்டும் "முதலில் இஸ்ரேலைக் கண்டி" என்று கேட்டாலோ கோடு தாண்டிவிட்டீர்கள்.

இஸ்ரேல் பக்கம் இறந்தவர்கள் 1,200 பேர், காசா பக்கம் பல பத்தாயிரம். இதுவே விகிதாச்சாரம் மீறப்பட்டதற்குச் சான்று இல்லையா?

அதிகம் குழம்புவது இங்கேதான். போர்ச் சட்டம் சொல்லும் விகிதாச்சாரம் இரு தரப்புப் பிணங்களின் எண்ணிக்கையை ஒப்பிடுவது அல்ல. ஒவ்வொரு தாக்குதலையும் தனித்தனியாக எடுத்துக் கேட்கும் கேள்வி: இந்தத் தாக்குதலால் நேரடியாக, திட்டவட்டமாகக் கிடைக்கும் என்று எதிர்பார்த்த ராணுவ ஆதாயத்தோடு ஒப்பிட்டால், எதிர்பார்த்த பொதுமக்கள் சேதம் மிதமிஞ்சியதா? ஜெனீவா உடன்படிக்கைகளோடு 1977இல் சேர்த்த முதலாம் கூடுதல் நெறிமுறை, 51ஆம் பிரிவு.

இதில் மூன்று சங்கதி ஒளிந்திருக்கிறது. எடைபோடுவது தாக்குவதற்கு முன்பு தளபதிக்குத் தெரிந்ததை, அல்லது நியாயமாக விசாரித்தால் தெரிந்திருக்கக்கூடியதை வைத்து. வெடித்த பிறகு எண்ணியதை மட்டும் வைத்து அல்ல. இரண்டாவது, விகிதாச்சாரக் கேள்வி எழுவதே இலக்கு ராணுவ இலக்காக இருந்தால்தான். பொதுமக்களையே குறிவைத்தால் அங்கே எடைபோட ஒன்றுமில்லை, அது நேராகப் போர்க்குற்றம். 2023 அக்டோபர் 7இல் ஹமாஸ் தலைமையிலான தாக்குதலில் இஸ்ரேலின் குடியிருப்புகளிலும் இசை விழாவிலும் நடந்த கொலைகள் இந்த வகை. மூன்றாவது, ஆதாயம் என்றால் அந்தக் குறிப்பிட்ட நடவடிக்கையின் ராணுவ ஆதாயம். "ஹமாஸை ஒழிப்பது" என்ற போரின் மொத்த நோக்கத்தையே தராசில் வைத்தால் எந்தச் சாவும் சின்னதாகத்தான் தெரியும்.

அப்படியானால் மொத்த எண்ணிக்கைக்கு மதிப்பே இல்லையா? உண்டு. காசா சுகாதார அமைச்சகத்தின் கணக்கு 2025 ஜூலை இறுதியில் 60,000ஐத் தாண்டியது. அதில் போராளிகளையும் பொதுமக்களையும் பிரித்துக் காட்டுவதில்லை. ஆனாலும் இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் பெரும் பங்கு என்றால், எந்த இலக்குக்கு எத்தனை சாவை அனுமதித்தார்கள், எந்த எடைக் குண்டைத் தேர்ந்தார்கள், ஆட்களை எப்படி அடையாளம் கண்டார்கள் என்று விசாரிக்க அது வலுவான காரணம். விசாரணை தொடங்கும் இடம் அது, தீர்ப்பு அல்ல.

மருத்துவமனைக்கு அடியில் சுரங்கம் இருந்தால் தாக்கலாமா?

"எப்போதும் கூடாது" என்பதும் தவறு, "சுரங்கம் இருந்தாலே போதும்" என்பதும் தவறு. 1949ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா உடன்படிக்கை, 19ஆம் பிரிவு படிப்படியாகப் போகிறது. முதலில், மனிதாபிமானப் பணிக்கு வெளியே எதிரிக்குத் தீங்கு செய்யும் செயலுக்கு அந்த மருத்துவமனை பயன்பட வேண்டும். காயப்பட்ட போராளிக்கு வைத்தியம் பார்ப்பது அப்படிப்பட்ட செயல் அல்ல. அவர்களிடமிருந்து எடுத்து இன்னும் ஒப்படைக்காத சிறு ஆயுதங்கள் அங்கே கிடப்பதும் அல்ல. ஆகவே நாலு துப்பாக்கியின் படம் மட்டும் காட்டினால் போதாது. தளபதி அறை, ஏவுதளம் என்றால் கதை வேறு.

பிறகு எச்சரிக்கை. நியாயமான காலக்கெடு கொடுத்து, அதை மதிக்காமல் போன பிறகுதான் பாதுகாப்பு விலகும். தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில் இருப்பவரைச் சில மணி நேரத்தில் காலி செய்யச் சொல்வது, போக வழியும் வண்டியும் இல்லாதபோது, நியாயமான கெடு ஆகாது.

அதற்கும் பிறகு, கட்டடம் பாதுகாப்பை இழந்தாலும் உள்ளே இருக்கும் நோயாளி இழப்பதில்லை. விகிதாச்சாரமும் முன்னெச்சரிக்கையும் அப்படியே நிற்கும். விமானக் குண்டு வேண்டுமா, படையினர் உள்ளே போய்த் தேடினால் போதுமா என்ற தேர்வும் கணக்கில் வரும். எச்சரித்தும் போகாதவர்கள் இலக்காக மாறிவிடுவதில்லை. துண்டுப்பிரசுரம் போட்டுவிட்டோமே என்று சொல்லித் தப்ப முடியாது.

மனிதக் கேடயம் என்றால் பழி யாருக்கு?

கேடயமாக்கியவர் செய்தது போர்க்குற்றம். அதனால் தாக்குகிறவரின் கடமை தீராது, கூடுதல் நெறிமுறையின் 51ஆம் பிரிவின் கடைசி உட்பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. இலங்கையில் போரின் கடைசி மாதங்களைப் பற்றி ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த நிபுணர் குழு 2011இல் இப்படித்தான் இரு தரப்பையும் தனித்தனியாகப் பதிவு செய்தது: புலிகள் மக்களைத் தடுத்து வைத்ததும் குற்றச்சாட்டு, அரசு பாதுகாப்பு வலயத்தையும் மருத்துவமனைகளையும் ஷெல்லடித்ததும் குற்றச்சாட்டு. முள்ளிவாய்க்காலுக்கு ஒரு விதி, காசாவுக்கு வேறு விதி கிடையாது. பாலஸ்தீனர் ஒருவரை முன்னே விட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டவைக்கும் ராணுவ வழக்கத்தையும் இஸ்ரேல் உச்ச நீதிமன்றமே 2005இல் சட்டவிரோதம் என்றது.

ஆக்கிரமிப்பை எதிர்க்க உரிமை உண்டு அல்லவா? அப்படியானால் அக்டோபர் 7?

அந்நிய ஆக்கிரமிப்புக்கு எதிரான விடுதலைப் போரை முதலாம் கூடுதல் நெறிமுறை முதல் பிரிவிலேயே சர்வதேசப் போராக ஏற்கிறது. அதே நெறிமுறைதான் பொதுமக்களைத் தாக்கக் கூடாது என்கிறது. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட முடியாது. "எல்லா இஸ்ரேலியரும் ராணுவப் பயிற்சி பெற்றவர்கள்தானே" என்ற வாதமும் செல்லாது. பணிக்கு அழைக்கப்படாத ரிசர்வ் வீரர் பொதுமக்களில் ஒருவர். மேற்குக் கரைக் குடியேறியும் அப்படியே, சண்டையில் நேரடியாக இறங்கும் நேரம் தவிர. அந்தக் குடியேற்றங்கள் நான்காவது ஜெனீவா உடன்படிக்கையின் 49ஆம் பிரிவுக்கு எதிரானவை என்று சர்வதேச நீதிமன்றம் 2004இலும் 2024 ஜூலையிலும் சொன்னது உண்மை. அது அரசின் குற்றம், அங்கே தூங்கும் குழந்தையைச் சுட அனுமதி அல்ல. பணயக்கைதி பிடிப்பதற்கு எந்தச் சூழலிலும் விதிவிலக்கே கிடையாது. அன்று பிடித்துப் போனது 251 பேரை.

ஹேக் நீதிமன்றம் இனப்படுகொலை என்று தீர்ப்பளித்துவிட்டதா?

இல்லை. முதலில், ஹேக்கில் இரண்டு நீதிமன்றங்கள். நாடுகளுக்கு இடையிலான வழக்கு சர்வதேச நீதிமன்றத்தில். தனி ஆட்கள் மீதான வழக்கு சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில். நம் ஊர்ச் செய்திகளில் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

முதலாவதில் தென்னாப்பிரிக்கா 2023 டிசம்பர் 29இல் வழக்குப் போட்டது. 2024 ஜனவரி 26இல் வந்தது இடைக்கால உத்தரவு. இனப்படுகொலையிலிருந்து பாதுகாக்கப்படும் பாலஸ்தீனர் உரிமை ஏற்கத்தக்கது, அதற்கு ஆபத்து இருக்கிறது என்றுதான் நீதிமன்றம் சொன்னது. இனப்படுகொலை நடந்தது என்றோ நடக்கவில்லை என்றோ அல்ல. இஸ்ரேல் தன் சார்பில் நியமித்த நீதிபதி அஹரோன் பராக், சிறுவயதில், நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த லித்துவேனியாவின் கவுனாஸ் கெட்டோவிலிருந்து தப்பியவர். தூண்டுதல் பேச்சைத் தண்டிக்கவும் நிவாரணத்தை அனுமதிக்கவும் சொன்ன இரண்டு உத்தரவுகளுக்கு அவரும் ஆதரவாக வாக்களித்தார்.

இறுதித் தீர்ப்புக்கு ஆண்டுகள் ஆகும். போஸ்னியா 1993இல் போட்ட வழக்கு 2007இல் முடிந்தது. கடினமான பகுதி நோக்கம். 1948 இனப்படுகொலை உடன்படிக்கைப்படி ஒரு தேசிய, இன, நிற அல்லது மதக் குழுவை, முழுதாகவோ பகுதியாகவோ, அந்தக் குழு என்பதற்காகவே அழிக்கும் எண்ணம் நிரூபணமாக வேண்டும். ஐ.நா. விசாரணை ஆணையம் 2025 செப்டம்பரில் அந்த எண்ணம் இருந்தது என்றே முடிவுக்கு வந்தது, இஸ்ரேல் மறுக்கிறது. ஆணையத்தின் முடிவு நீதிமன்றத் தீர்ப்பு ஆகாது. அதை மேற்கோள் காட்டுவதும் யூத வெறுப்பு ஆகாது.

இரண்டாவது நீதிமன்றம் 2024 நவம்பர் 21இல் இஸ்ரேல் பிரதமராக இருந்த நெதன்யாகு, அவரது முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் காலன்ட், ஹமாஸ் தளபதி முகமது தெய்ஃப் மூவருக்கும் கைது வாரண்ட் பிறப்பித்தது. தெய்ஃப் இறந்தது உறுதியானதும் அவர் மீதான வழக்கு முடிந்தது. மற்ற இருவர் மீதுள்ள முக்கியக் குற்றச்சாட்டுகளில் ஒன்று பட்டினியைப் போர் ஆயுதமாக்கியது. மின்சாரம், உணவு, எரிபொருள் எதுவும் போகாது என்று 2023 அக்டோபர் 9இல் காலன்ட் வெளிப்படையாக அறிவித்தது நினைவிருக்கலாம். "இனப்படுகொலை" என்ற சொல்லில் எல்லாரும் மல்லுக்கட்டும்போது இந்தக் குற்றச்சாட்டு கவனத்திலிருந்து நழுவுகிறது. தண்டனையில் அது ஒன்றும் சின்னக் குற்றமல்ல.

கூடுதல் நெறிமுறையில் இஸ்ரேல் சேரவே இல்லையே, பிறகு எப்படிக் கட்டுப்படுத்தும்?

சேரவில்லை, உண்மை. அமெரிக்கா, இந்தியா, இலங்கையும் சேரவில்லை. ஆனால் பொதுமக்களைப் பிரித்தறிவது, விகிதாச்சாரம், முன்னெச்சரிக்கை மூன்றும் வழக்காற்றுச் சட்டம், அதாவது நாடுகளின் நெடுநாள் நடைமுறையால் உருவான சட்டம், என்பதால் கையெழுத்து இல்லாமலே எல்லா அரசுகளையும் ஆயுதக் குழுக்களையும் கட்டும். இஸ்ரேல் உச்ச நீதிமன்றமும் 2006 டிசம்பரில் குறிவைத்துக் கொல்லும் நடவடிக்கைகள் பற்றிய தீர்ப்பில் விகிதாச்சாரத்தை வழக்காற்றுச் சட்டமாக எடுத்துக்கொண்டே வழக்கை முடித்தது.